ஸ்பரலியோனே, சரகோவின் குஞ்சா?

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ சந்தையில் ஸ்பரலியோனே என்று விற்கும் சின்ன மீன், சரகோ என்ற பெரிய மீனின் குஞ்சுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது தனி இனம். நீங்களும் யாரோடோ வாக்குவாதப்பட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் பட்டிருக்கிறேன். ஒரு ஞாயிறு கடற்கரைக் கல்லணையில் தூண்டில் போட்டு ஏழெட்டு பிடித்து வாளியில் வைத்திருந்தேன். ஒன்றுகூட ஒரு சாண் வராது. பக்கத்தில் நின்ற கிழவர், "குஞ்சுகளைக் கொல்கிறாய், திரும்ப விடு" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினார். ஒன்றைத் தூக்கி வாலடியைக் காட்டினேன். ஒடுங்கிய இடத்தில் மோதிரம் போட்டதுபோல் கறுப்பு வளையம், வயிற்றுச் செட்டை மஞ்சள். சரகோவுக்கு அந்தக் கறுப்பு சேணம் மாதிரி மேலே கிடக்கும், அடிவரை சுற்றி வராது. கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

இது வெறும் வீம்பு இல்லை. மத்தியதரைக் கடலுக்கான ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஸ்பரலியோனே 12 சென்டிமீட்டர் இருந்தால் பிடிக்கலாம், சரகோ 23 இருக்க வேண்டும். ஸ்பரலியோனே சரகோ அளவுக்கு வளராது, வழக்கமாக 13 தான். கடற்புல் படுகையில் புழு, சின்ன இறால் வகை என்று மேயும். நம்மூர் விளைமீனுக்குச் சொந்தக்காரன்.

உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்த அறிஞர் லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பெயர் ஸ்பாரஸ் அனுலாரிஸ். லத்தீனில் அனுலஸ் என்றால் மோதிரம். 1810இல், அப்போது சிசிலியில் இருந்த ரஃபினெஸ்க் என்ற இயற்கை ஆய்வாளர், டிப்ளோடஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பை, உண்டாக்கினார். இரட்டைப் பல் என்று பொருள்: முன்னால் வெட்டுப்பல், பின்னால் கடைவாய்ப்பல். இந்த மீன் இப்போது டிப்ளோடஸ் அனுலாரிஸ். பேரினம் மாறிவிட்டதால் லின்னேயஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள்.

நான் மீனியல் படித்தவன் இல்லை, சமையலறையில் நிற்பவன். படித்தவர்கள் திருத்தலாம். ஆனால் எங்கேயோ பார்த்து எழுதினான் என்று மட்டும் வராதீர்கள், நாள் தவறாமல் செதில் எடுக்கிற கை இது.

பெயர் என்றதும் வயிறு எரிகிறது. இங்கே ஓர் அலுவலகத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். மீனுக்கு அடைப்புக்குறியாவது கிடைத்தது.

சரி, வாங்கும்போது வாலடியைப் பாருங்கள். முள் அதிகமுள்ள மீன். மஞ்சள் உப்பு பிரட்டி மொறுமொறுவென்று பொரியுங்கள், சொதிக்குச் சரிவராது.