மொறிஸ் மைனர் காரின் முன் கண்ணாடியை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாமா?

கழற்றலாம். வீட்டு முற்றத்தில், இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு, ஒரு நாளில் முடிகிற வேலைதான். ஆனால் மழைக்கு ஒழுகுகிறது, றப்பரைச் சுற்றி வெளியே சிலிக்கன் அடித்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

எங்களுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி. 1956க்கு முன் வந்ததில் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். எங்களுடையது வளைந்த ஒற்றைக் கண்ணாடி, உங்களுடையதும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். 2011இல் எங்கள் காரும் இப்படித்தான் ஒழுகியது. ஒரு கராச்சில் கொடுத்தோம், அரை மணித்தியாலத்தில் றப்பரைச் சுற்றிச் சிலிக்கன் பூசித் தந்துவிட்டார்கள். அந்த மாரியில் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருடம் கண்ணாடிக்குக் கீழே பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. மேலே எங்கேயோ றப்பருக்குள் இறங்கிய தண்ணீர், முன்பு வெளியேறிய வழியும் அடைபட்டுப்போய், கீழ்க் காடிக்குள்ளேயே, அதாவது றப்பரின் பள்ளத்துக்குள்ளேயே, மாதக்கணக்காக நின்றிருக்கிறது. போதாததற்கு, காயும்போது வினாகிரி மணக்கிற சிலிக்கன் அமிலத்தை விடுகிற வகை, வெறும் தகரத்தில் பட்டால் அதுவே கறள் பிடிக்க வைக்கும். இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது, உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. கண்ணாடியால் இறங்குகிற தண்ணீர் கால் வைக்கிற தரையில் போய் நின்று அதையும் தின்னும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கழற்றுவதற்கு முன் ஒழுகுகிற இடம் கண்ணாடி றப்பர்தானா என்று பாருங்கள். ஒருவர் ரோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் கீழேயிருந்து மேலே மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எது எங்கே இறங்குகிறது என்று ஒன்றும் புரியாது. வைப்பர் தண்டு வெளியே வருகிற இடத்து றப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் அதே இடத்தில்தான் சொட்டும். அதுதான் காரணமென்றால் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

கண்ணாடிதான் என்றால், வைப்பர் கைகளையும் உள்ளே இருக்கிற பின்பார்வைக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, றப்பரின் நடுவில் ஓடி அதை இறுக்கிப் பிடிக்கிற பூட்டுப் பட்டியை உருவுங்கள். அப்புறம் பழைய றப்பரின் வெளி உதட்டைக் கூரான கத்தியால் சுற்றிவர வெட்டி எடுங்கள். காசு மிச்சம் என்று பழைய றப்பரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். காய்ந்து கல்லாகிப்போன றப்பரோடு மல்லுக்கட்டும்போதுதான் கண்ணாடி உடைகிறது. வெட்டிவிட்டால் உள்ளேயிருந்து ஒரு மேல் மூலையை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ள, வெளியே நிற்கிறவர் கையில் வந்து இருக்கும். நான் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். ‘தெரியாத வேலையைச் சொல்லிக் கொடுக்கிறான்’ என்று கீழே எழுத வருகிறவர்கள், தெரிந்தவர்கள் அரை மணித்தியாலத்தில் செய்து தந்த வேலை என்ன ஆனது என்பதை மேலே இன்னொரு முறை வாசிக்கவும்.

எங்கள் காரில் கண்ணாடி கழன்று வந்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் நின்றார். கீழே இடது மூலையில் பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. இந்தக் காரில்தான் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குத் தப்பி ஊர்ச் சனத்தோடு சனமாக, நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர அரசாங்கம் விடவில்லை. கார்பரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அன்று அப்பம்மாவை முன்னுக்கு இருத்தி, நாங்கள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தோம். நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை சனத்துக்கு நடுவில் அடி அடியாகத்தான் போனது. மழையும் பெய்தது. அந்த மூலையால் வந்த தண்ணீர் விடியும்வரை அப்பம்மாவின் மடியில் சொட்டிக்கொண்டிருந்ததாக அப்பா 2012இல்தான் எனக்குச் சொன்னார். அத்தனை வருடமும் அந்த மூலை ஒழுகுவது அவருக்குத் தெரியும்.

ஓட்டைக்குத் தகரம் வைத்து வெல்டிங் செய்தோம். கறள் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பெயின்ட். பழைய கண்ணாடியில் வைப்பர் கோடு விழுந்து, இரவில் எதிரே லைட் வந்தால் றோட்டே தெரியாது. அதுவும் அடிபட்டால் முழுதும் தூள்தூளாகிற வகை. எனவே நடுவில் பிளாஸ்ரிக் தாள் வைத்து இரண்டு படையாக ஒட்டிய லமினேற்றட் கண்ணாடி வாங்கினோம். பூட்டி முடித்தோம், எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். மறுநாள் காலையில் இடது மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு. யாரும் தொடவில்லை. கழற்றிப் பார்த்தால் வெல்டிங் பொட்டு ஒன்று அரிசி அளவில் அராவாமல் நின்றிருக்கிறது. லமினேற்றட் கண்ணாடியின் விளிம்பில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் இதுதான் நடக்கும். கண்ணாடிக் காசு முழுவதும் போனது. தகர விளிம்பைக் கண்ணால் பார்த்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றிவரத் தடவுங்கள்.

இரண்டாவது முறை பூட்டியதை அப்படியே சொல்கிறேன். புது றப்பரை அரை மணித்தியாலம் வெயிலில் போட்டால் இளகும். அதை முதலில் கண்ணாடிக்கு மாட்டுங்கள், மூட்டு கீழே நடுவில் வரட்டும். காரின் தகரம் உட்காரவேண்டிய காடிக்குள் நாலு மீற்றர் நைலோன் கயிற்றைச் சுற்றிவர வைத்து, இரண்டு நுனியும் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காரின் உட்பக்கம் தொங்குமாறு விடுங்கள். தகரத்துக்கும் றப்பருக்கும் சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகப் பூசுங்கள். கிறீஸ், எண்ணெய் வேண்டாம், றப்பரைக் கெடுக்கும். அந்தத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த எங்கள் அம்மா, அன்று வாளி நிறைய நுரையைப் பார்த்துவிட்டு, இவ்வளவும் காருக்கா என்று கேட்டா.

வெளியேயிருந்து கண்ணாடியை நேராக வைத்து ஒருவர் அழுத்த, உள்ளே இருக்கிறவர் கயிற்றை நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கயிறு வர வர றப்பரின் உள் உதடு தகரத்தைத் தாண்டி உட்பக்கம் விழும். கயிறு இழுக்கிற இடமும் வெளியே கை அழுத்துகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் மேல் மூலையில் பொறுமையிழந்து கையால் குத்தத் தொடங்கியபோது அப்பா, “தம்பி, அடிக்காதை. தள்ளு. அது தானா வரும்” என்றார். வந்தது. அதன் பிறகுதான் வெளி உதட்டை உயர்த்தி, மாஸ்ரிக் என்கிற இறுகாத கறுப்புப் பசையை உள்ளே விட்டோம். சிலிக்கன் இல்லை, மாஸ்ரிக். கடைசியாகப் பூட்டுப் பட்டி. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. அப்பா சைக்கிள் சில்லுக் கம்பியைக் கண்ணி மாதிரி வளைத்து மரப்பிடி போட்டார். கண்ணி றப்பரின் வாயைத் திறந்துகொண்டே போக, பட்டி அதற்குள்ளால் வந்து உட்காரும்.

சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர், கேட்காமல் கொள்ளாமல் பொனற்றில் ஏறி இருந்து படம் எடுக்கிறார்கள். போன வருடம் ஒருவர் எழும்பும்போது வைப்பரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், கை வளைந்துவிட்டது. அதே ஆட்கள்தான் ‘இந்தப் பழசை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், வித்துத் தள்ளுங்கோ’ என்பதும். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு படலையில் வந்து விலை கேட்கிறவர்களும் கூடிவிட்டார்கள். விற்பதற்கு இல்லை என்று ஒரு முறை சொன்னால் போதாதா?

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். பூட்டியவுடன் ஹோஸ் அடிக்காதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். எங்களுக்கு முதல் மழை மூன்றாம் நாள் இரவு வந்தது. அப்பா காரின் தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்துவிட்டுப் படுத்தார். விடிய எழும்பி, இடது மூலைக்குக் கீழே இருந்த தாளை மட்டும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

கண்ணாடியைக் கழற்றியதும் தகர விளிம்பின் கீழ் மூலைகள் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். வெல்டிங் தேவையா, சுரண்டிப் பூசினால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.