காந்தம் ஒட்டும் 304எல் எஃகு திரவ நைட்ரஜனைத் தாங்குமா?

கேள்வி: திரவ நைட்ரஜன் சேமிப்பதற்கான கலன் ஒன்றை 304எல் துருப்பிடிக்காத எஃகில் செய்துகொண்டிருக்கிறோம். இரு முனைகளிலும் பற்றவைக்க வேண்டிய டிஷ் எண்ட்கள் (கிண்ண வடிவ மூடிகள்) குளிர்நிலையில் அழுத்தி வடிவமைக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றின் விளிம்பில் காந்தம் நன்றாக ஒட்டுகிறது, நடுவில் ஒட்டவே இல்லை. போலிச் சரக்கா? 650 டிகிரியில் சூடாக்கித் தகைவு (உலோகத்துக்குள் தேங்கிய விசை) நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சப்ளையர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் 650 டிகிரி உலைக்கு மட்டும் அவற்றை அனுப்பிவிடாதீர்கள். நல்ல எஃகைக் கெடுக்க அதைவிட எளிய வழி இல்லை.

நடுவில் ஒட்டாத காந்தம் விளிம்பில் ஒட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தகடே வேறு வகையாக, இயல்பிலேயே காந்தம் ஒட்டும் ஃபெர்ரைட் எஃகாக இருந்திருந்தால் எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். உங்கள் தகட்டில் விளிம்பு மட்டும் மாறியிருக்கிறது. 304 வகை எஃகின் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பு அதிக வெப்பத்தில்தான் இயல்பானது. நிக்கல், குரோமியம், கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் துணையால் அறை வெப்பநிலையிலும் அது நீடிக்கிறது, அவ்வளவுதான். வலுவாக உருக்குலைத்தால் அணுக்கள் இடம்விட்டு ஊடுருவிச் செல்லாமலே, வரிசை வரிசையாகச் சறுக்கி மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பாக மாறிவிடுகின்றன. ஆஸ்டெனைட்டைக் காந்தம் இழுக்காது. இந்த மார்ட்டென்சைட்டை இழுக்கும்.

விளிம்பு எவ்வளவு உருக்குலைந்தது என்பதை நீங்களே கணக்கிடலாம். 1200 மில்லிமீட்டர் வட்டத் தகட்டிலிருந்து 1000 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனை செய்யப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஓரத்தின் சுற்றளவு அந்த விகிதத்தில் சுருங்கியாக வேண்டும், 1.2-இன் இயல் மடக்கை 0.18, அதாவது சுமார் 18 சதவீதத் திரிபு (உருக்குலைவின் அளவு). நடுப்பகுதியில் திரிபு இதைவிட மிகக் குறைவு. காந்தம் காட்டும் வேறுபாடு இதுதான்.

இதே வேலையில் ஒரு தகடு அதிகமாக மாறுவதற்கும் இன்னொன்று குறைவாக மாறுவதற்கும் வேதிச் சேர்க்கைதான் முதற்காரணம். 1954-இல் ஏஞ்சல் என்பவர் தந்த சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது: 30 சதவீதத் திரிபில் பாதி எஃகு மார்ட்டென்சைட்டாகும் வெப்பநிலையை அது மதிப்பிடுகிறது. நிக்கல் 8.1, குரோமியம் 18.2 சதவீதம் உள்ள சாதாரண 304எல்லுக்கு அது 30 டிகிரி செல்சியஸ் அளவில் வரும், அதாவது பட்டறையின் வெப்பநிலையே. நிக்கலை 10 சதவீதமாக்கினால் 18 டிகிரி இறங்கிவிடும். வெப்பநிலைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. குளிர்ந்த காலையில் அழுத்திய தகடு நண்பகலில் அழுத்தியதைவிடக் கூடுதலாக மாறும். நூறு டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி அழுத்தினால் மாற்றம் ஏறக்குறைய நின்றேவிடும்.

இனி முக்கியமான கேள்வி: மைனஸ் 196 டிகிரியில் இது உடையுமா? சாதாரணக் கார்பன் எஃகு அந்தக் குளிரில் கண்ணாடிபோல நொறுங்கும். ஆஸ்டெனைட் அப்படி நொறுங்குவதில்லை. அறை வெப்பநிலையில் 550 முதல் 650 மெகாபாஸ்கல் வரை இருக்கும் 304-இன் இழுவிசை வலிமை, அங்கே 1500 அளவுக்கு ஏறுகிறது. நீட்சியும் கணிசமாக மிஞ்சுகிறது. மார்ட்டென்சைட் மாற்றமே இங்கே காவலாக நிற்கிறது என்பதுதான் எனக்கு இந்த உலோகத்தில் மிகவும் பிடித்த குணம். எந்த இடம் இழுபட்டு மெலியத் தொடங்குகிறதோ அந்த இடமே மாறிக் கடினமாகி, திரிபை அண்டை இடங்களுக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் உங்கள் விளிம்பு இந்தச் சேமிப்பில் ஒரு பகுதியை அழுத்தியபோதே செலவழித்துவிட்டது. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் கலனில் சேர்க்கக் கூடாது.

650 டிகிரி யோசனை ஏன் ஆபத்தானது? ஏறக்குறைய 425 முதல் 850 டிகிரி வரை, குரோமியமும் கார்பனும் உலோகத்தின் படிகமணிகளுக்கு இடையிலான எல்லைகளில் கார்பைடாகப் படிகின்றன. எல்லையை ஒட்டிய பகுதி குரோமியம் இழந்து அரிப்புக்கு ஆளாகிறது. குளிரில் தாக்கு வலிமையும் சரிகிறது. 304எல்லில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது என்பதால் படிவு மெதுவாக நடக்கும், உண்மைதான். ஆனால் குளிர்நிலையில் உருக்குலைந்த எஃகில் அது விரைவுபடும். இன்னொரு வஞ்சகமும் உண்டு. அந்த வெப்பத்தில் மார்ட்டென்சைட்டின் பெரும்பகுதி மீண்டும் ஆஸ்டெனைட்டாகிவிடும், காந்தம் ஒட்டாது. எல்லோரும் நிம்மதியடைவார்கள், எல்லைகளில் நேர்ந்த சேதம் யார் கண்ணிலும் படாது. கார்பன் எஃகுக்குப் பழகிய கை இந்தத் தவறைத்தான் முதலில் செய்யும்.

சரியான மருந்து 1040 முதல் 1100 டிகிரி வரை சூடாக்கி, கார்பைடுகள் கரைந்த நிலையிலேயே நீரில் விரைந்து குளிர்விப்பது. இதற்குக் கரைசல் பதப்படுத்தல் என்று பெயர். மார்ட்டென்சைட், எஞ்சிய தகைவு, கார்பைடு மூன்றும் ஒருசேரப் போகும். வடிவம் சற்றுக் கோணும், ஆக்சைடு படலத்தை அமிலத்தில் நீக்க வேண்டியிருக்கும். விளிம்பு மீண்டும் பழைய உலோகம் ஆவதற்கு அது சிறிய விலை. இது கட்டாயமா என்பதை நீங்கள் பின்பற்றும் அழுத்தக்கலன் விதித்தொகுப்பின் குளிர்வடிவமைப்புத் திரிபு வரம்பு சொல்லும். என் தீர்ப்பைக் கேட்டால், 15 சதவீதத்தைத் தாண்டிய விளிம்பு எதையும் இந்தச் சிகிச்சை இல்லாமல் ஏற்க மாட்டேன்.

அதற்கு முன் தகட்டின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள். காந்தம் இதற்கு உதவாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 201 வகையும் உருக்குலையாத நிலையில் காந்தத்தில் ஒட்டுவதில்லை. கையடக்க எக்ஸ்-கதிர் கருவி மாங்கனீசு 5.5 சதவீதத்துக்கு மேலும் நிக்கல் 5.5-க்குக் கீழும் காட்டினால், அப்போது தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கருவி கார்பனை அளக்காது. 304எல் என்று உறுதிப்பட ஒளி உமிழ்வு நிறமாலைச் சோதனை வேண்டும். காந்த ஈர்ப்பைக் கொண்டு ஃபெர்ரைட்டை அளக்கும் ஃபெர்ரைட் அளவி வைத்திருந்தால் மார்ட்டென்சைட்டையும் மதிப்பிடலாம், ஆனால் அது காட்டும் எண்ணை 1.7-ஆல் பெருக்க வேண்டும். விளிம்பு ஓரங்களைச் சாய ஊடுருவல் முறையில் (விரிசலுக்குள் நிறச்சாயம் புகுந்து காட்டும் முறை) சோதியுங்கள். சில நாட்கள் விட்டு மறுபடியும் சோதியுங்கள். மார்ட்டென்சைட் நிறைந்த ஓரத்தில் எஞ்சிய தகைவும் ஹைட்ரஜனும் சேர்ந்து தாமதமாக விரிசலைத் திறப்பது உண்டு.

பற்றவைப்புக் கோட்டில் காந்தம் லேசாக ஒட்டினால் பதற வேண்டாம். சூட்டில் விரிசல் விடாமல் இருக்க, பற்றவைப்பை நிரப்பும் உலோகத்தில் காந்தம் இழுக்கும் டெல்டா ஃபெர்ரைட்டைச் சிறிதளவு வேண்டுமென்றே விடுகிறார்கள். ஆனால் அது கூடினால் மைனஸ் 196-இல் முதலில் தளரும் இடம் அந்தப் பற்றவைப்புதான். ஆகவே ஃபெர்ரைட்டுக்கு மேல்வரம்பு கேளுங்கள். தாக்குச் சோதனையில் பக்கவாட்டு விரிவு (அடிபட்டு உடையும் மாதிரித் துண்டு பக்கவாட்டில் புடைக்கும் அளவு) குறைந்தது 0.38 மில்லிமீட்டர் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்த ஆர்டரில் வெறும் 304எல் என்று எழுதி விட்டுவிடாதீர்கள். நிக்கல் குறைந்தது 9 சதவீதம், வடிவமைத்த பின் கரைசல் பதப்படுத்தல், உலை வரைபடத்தின் நகல் என்று மூன்றையும் எழுதுங்கள். இதே கலன் நாளை ஹைட்ரஜனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், 304எல்லை விட்டுவிட்டு நிக்கல் மிகுந்த 316எல்லுக்கு மாறுவதே என் பரிந்துரை. மார்ட்டென்சைட் உள்ள இடத்தில்தான் ஹைட்ரஜன் எளிதாகப் புகுந்து பிளக்கும்.