எச்டி பெட்டி வாங்கும் முன் டிவியின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: புதிதாக 43 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறோம். பழைய டிடிஎச் பெட்டியை அதில் மாட்டினால் முகமெல்லாம் மெழுகு பூசினது போலத் தெரிகிறது. கிரிக்கெட்டில் பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கடைக்காரர், "4கே ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்குங்க, எல்லாம் சரியாகிடும்" என்கிறார். சவுண்ட்பாரும் இருக்கிறது. அதில் 5.1 சத்தம் வருமா? எந்தப் பெட்டி வாங்கலாம்?
– தஞ்சாவூர் வாசகர்

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. உங்களுக்குப் புதுப் பெட்டி தேவைப்படலாம். அது 4கே பெட்டியாகத்தான் இருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். அதற்கும் முன்னால், காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. டிவியைக் கொஞ்சம் திருப்பி, பெட்டியிலிருந்து எந்த ஒயர் வந்து சொருகியிருக்கிறது என்று பாருங்கள்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை உள்ள ஒயர் என்றால் கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்த மஞ்சள் ஒயரில் எச்டி படம் போகவே போகாது. பெட்டி எச்டியாக இருந்தாலும் சாதாரணப் படம்தான் வரும். தெரிந்தவர் வீட்டில் ஏழெட்டு மாதம் இப்படித்தான் ஓடியது. பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ ஒயர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டிவி ஸ்டாண்டின் டிராயரில் கிடந்தது. பொருத்த வந்த பையன் பழைய ஒயர் நீளமாக இருக்கிறதே என்று அதையே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எச்டிஎம்ஐ ஒயர்தான் என்றால் டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான டிவிகள் என்ன அளவில் படம் வருகிறது என்று மூலையில் காட்டும். 576 என்று காட்டினால் பெட்டி சாதாரண அளவில் அனுப்புகிறது. பெட்டியின் செட்டிங்ஸில் 1080ஐ (1080i) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். எச்டிஎம்ஐ துளையே இல்லாத பெட்டி என்றால் மாற்ற வேண்டியதுதான்.

மெழுகு பூசின முகத்துக்குக் காரணம் வெறும் கணக்கு. சாதாரணப் படத்தில் 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். எச்டியில் 1920க்கு 1080, ஏறக்குறைய 20 லட்சம். உங்கள் டிவித் திரையில் இருப்பதோ 83 லட்சம். சாதாரணப் படம் வந்தால் டிவி ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளிகளை இட்டு நிரப்ப வேண்டும். முகம் வழவழத்துப் போகாமல் என்ன செய்யும்? எச்டி வந்தால் ஒன்றை நான்காக்கினால் போதும், அதை இப்போதைய டிவிகள் நன்றாகவே செய்கின்றன.

சரி, 4கே பெட்டிக்கு வருவோம். நம் டிடிஎச்சில் வரும் எச்டி சானல்கள் 1080ஐ அளவில் வருபவை. 4கேயில் வழக்கமாக ஓடும் தமிழ் சானல் எதுவும் இல்லை. 2015 உலகக் கோப்பை சமயத்தில் 4கே பெட்டிகளுக்குப் பெரிய விளம்பரம் நடந்தது. அந்தச் சூடு அதோடு அடங்கிவிட்டது. ஆகவே ஆண்ட்ராய்டு பெட்டியில் எழுதியிருக்கும் 4கே, நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற இணைய ஆப்களுக்கானது. உங்கள் டிவியே ஸ்மார்ட் டிவியாக இருந்தால் அந்த ஆப்கள் அதிலேயே இருக்கும். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நான் சொல்லமாட்டேன். டிவியின் ஆப்கள் ஆமை வேகத்தில் திறக்கின்றன, வீட்டில் நல்ல வைஃபை இருக்கிறது என்றால் மட்டும் அதை யோசியுங்கள். இல்லையென்றால் சாதாரண எச்டி பெட்டி போதும்.

எந்தக் கம்பெனி? டாட்டா பிளே, ஏர்டெல், சன் டைரக்ட், டிஷ் டிவி, டி2எச் எதை எடுத்தாலும் ஒன்றின் பெட்டி இன்னொன்றுக்கு ஆகாது. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் ஓட வேண்டும் என்று 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. கடையில் கிடைப்பது இன்றும் கம்பெனிப் பெட்டிதான். அதனால் பெட்டியின் அழகைப் பார்க்காமல், உங்கள் வீட்டில் தினம் ஓடும் ஐந்தாறு சானல்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றின் எச்டி வடிவம் எந்தக் கம்பெனியில் என்ன மாதச் செலவில் வருகிறது என்று கேளுங்கள். இப்போதிருக்கும் கம்பெனியே ஒத்துவந்தால் எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேட்டுப் பாருங்கள், டிஷ் மாற்றும் வேலை இருக்காது.

எச்டி பெட்டி வாங்கிய பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டி எச்டி, பேக் பழைய சாதாரண பேக். ஒரு சானலின் எச்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அதன் சானல் எண்ணும் வேறு. பணமும் கட்டியாகிவிட்டது, ஆனால் வீட்டில் பாட்டி மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய எண்ணையே அழுத்துவார். படம் பழையபடிதான் வரும். புது எண்களை எழுதி ரிமோட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் சவுண்ட்பார். 5.1 என்பது ஆறு தனித்தனித் தடங்களில் வரும் சத்தம். அட்டைப் பெட்டியில் 2.0 அல்லது 2.1 என்று போட்டிருந்தால் அதிலிருந்து 5.1 வராது, அந்த ஆசையை விட்டுவிடலாம். 5.1 என்றே இருந்தாலும் சானல் அப்படி அனுப்ப வேண்டும். சீரியல்களில் பெரும்பாலும் ஸ்டீரியோதான். சில எச்டி சானல்களில் படங்களுக்கும் விளையாட்டுக்கும் டால்பி (5.1 சத்தத்தை அனுப்பும் வடிவம்) வரும். அது சவுண்ட்பார் வரை போய்ச் சேர்வதில்தான் சிக்கல். பெட்டியிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயரில் சவுண்ட்பாருக்கு என்று சுற்றிப் போனால், பல டிவிகள் நடுவழியில் ஆறு தடத்தையும் இரண்டாகச் சுருக்கிவிடும். பெட்டியிலேயே ஆப்டிகல் துளை இருந்தால் அங்கிருந்து நேராகச் சவுண்ட்பாருக்குக் கொடுப்பது நல்லது. இப்போது வரும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது; வாங்கும்போது பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒயர் போட்டு, டிவியின் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூ (வந்த சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வையுங்கள். பெட்டியின் ஆடியோவை டால்பிக்கு மாற்றியதும் சத்தமே நின்றுபோனால் பயப்பட வேண்டாம். வழியில் ஏதோ ஒன்றுக்கு அந்த வடிவம் புரியவில்லை, அவ்வளவுதான். பழைய அமைப்புக்கே திரும்புங்கள்.

பென்டிரைவில் ரெக்கார்டிங் என்று பெரிதாகச் சொல்வார்கள். பதிவு செய்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டி போனால் அதுவும் போச்சு.

கடைசியாக மொட்டை மாடி. டிஷ் கொஞ்சம் நகர்ந்திருந்தால் சாதாரண சானல் தாக்குப்பிடிக்கும். எச்டி சானல்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் ஊரில் இது நன்றாகத் தெரியும். அடைமழையில் பத்து நிமிஷம் படம் போவது எந்தக் கம்பெனியிலும் நடப்பதுதான். தூறலுக்கே போனால் டிஷ்ஷையோ ஒயரையோ பார்க்க வேண்டும். டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியில் திருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்; நடுக்கம்பி பச்சை பிடித்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள்.

புதுப் பெட்டி பொருத்த ஆள் வரும்போது, சிக்னல் பக்கத்தைத் திரையில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அதில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் கோட்டைக் காட்டி "ஃபுல் சிக்னல் சார்" என்பார். நீங்கள் குவாலிட்டி கோட்டைப் பாருங்கள். இன்ஃபோ பட்டனை அழுத்தி 1080 தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.