ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் துணை கிடைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. குடியாத்தத்தில் கைலி நெசவு செய்தவர். கண் பிரஷரால் வலது கண் முழுவதும் போய்விட்டது. இடது கண்ணில் நேராக இருப்பது மட்டும் தெரிகிறது என்கிறார். ஒன்றரை வருடமாகத் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. பார்வையற்றோருக்குச் சங்கம் நடத்துவதாகச் சொல்லி ஒருவர் வீட்டுக்கு வந்தார். 6,500 ரூபாய் கட்டினால் உறுப்பினர் அட்டை, அரசு அடையாள அட்டை, வெள்ளைக்கோல், மாதக் கூட்டம் எல்லாம் கிடைக்குமாம். கட்டலாமா? இன்னொன்று: சில சாயங்காலங்களில் முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் நிற்பதாக அப்பா சொல்கிறார். அம்மா மந்திரிக்க அழைத்துப் போகலாம் என்கிறார்.

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்டவர்களே அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பார்வை இழந்தவர்களுக்கு நடக்கப் பழக்குவது என் தொழில். இருபது வருடத்தில் கண் நோயை எவ்வளவு பார்த்தேனோ, அதைச் சுற்றித் திரியும் தரகர்களையும் அவ்வளவு பார்த்துவிட்டேன்.

அந்த மனிதர் சொன்ன பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அரசு அடையாள அட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், புகைப்படம், மருத்துவச் சீட்டுகளோடு இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகு அட்டை வரும். வெள்ளைக்கோலும் அப்படித்தான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக்கோல், கறுப்புக் கண்ணாடி, பிரெய்லி கைக்கடிகாரம் எல்லாம் இலவசமாகவே தருகிறார்கள். அரசு கொடுத்த கோலை ஒருவர் 1,200 ரூபாய்க்கு வாங்கி வந்து என்னிடம் காட்டியிருக்கிறார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! மீதம் இருப்பது உறுப்பினர் அட்டை. அதை அச்சகத்தில் அடிக்க ஐந்து ரூபாய் ஆகுமா?

பணம் போவதுகூடப் பெரிதில்லை. இந்த ஆட்கள் அடுத்த நடையில் வங்கிப் புத்தகத்தையும் அசல் ஆதாரையும் கேட்பார்கள். வெற்றுத் தாளில் கைரேகை வைக்கச் சொல்வார்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். பார்வை இல்லாதவர் எதில் கைரேகை வைக்கிறோம் என்று எப்படி அறிவார்? 'சங்கம் பதிவு செய்யப்பட்டது, நம்பர் இருக்கிறது' என்று சொன்னால் மயங்காதீர்கள். 1975 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் கையெழுத்திட்டு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நம்பர் இருப்பதால் நாணயம் இருக்கிறது என்று ஆகாது. உண்மையான சங்கம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஆயிரக்கணக்கில் கேட்காது. நீங்கள் ரசீது கேட்டால் முகம் சுளிக்கவும் செய்யாது.

இனி, அந்தத் தரகர் சொல்லாத ஒன்று. உங்கள் அப்பா விஷயத்தில் உண்மையான சிக்கல் இங்கேதான் வரப்போகிறது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

'நேராக இருப்பது மட்டும் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். கண் பிரஷர் முதலில் ஓரப் பார்வையைத்தான் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை மிஞ்சி நிற்கும். அப்பா செய்தித்தாளின் தலைப்பை வாசிப்பார். ஆனால் காலடியில் இருக்கும் குடத்தை உதைத்துத் தள்ளுவார். கடைக்காரர் முகம் தெரியும், அவர் நீட்டும் சில்லறை தெரியாது. பக்கத்து வீட்டார் 'பேப்பர் படிக்கிறாரே, குருடு என்று நடிக்கிறாரா?' என்று கேட்டிருப்பார்கள். அவர் திண்ணையை விட்டு இறங்காததற்குப் பாதிக் காரணம் இந்தப் பேச்சாக இருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் வலது கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டி மறைக்கும் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. அந்த அகலம் மட்டும் தெரியும்படி சின்ன ஓட்டை போட்ட அட்டையை முகத்தின் முன் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள்; அப்பாவின் நாள் எப்படிக் கழிகிறது என்று புரியும். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல கண்ணின் பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் குறைந்தால், எழுத்து வாசிக்க முடிந்தாலும், அவர் பார்வையற்றவர். 40 டிகிரிக்குக் குறைந்து 10 டிகிரி வரை இருந்தால் குறைபார்வை உள்ளவர். சட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அடையாள அட்டைக்காக அரசு மருத்துவர் பரிசோதிக்கும் முகாமில் நடப்பது வேறு. அங்கே சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். இரண்டு நிமிடம். அப்பா நாலாவது வரியை வாசித்துவிடுவார். 'பார்வை இருக்கிறதே பெரியவரே' என்று குறைபாட்டுச் சதவீதத்தைக் குறைவாகப் போட்டு அனுப்பிவிடுவார்கள். சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. முப்பது என்று எழுதிவிட்டால் அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை பேரைத் திரும்பவும் முகாமுக்கு அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? பரப்பை அளக்கும் கருவி முகாமுக்கு வருவதில்லை. கருவி இல்லாத இடத்தில் அளவை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே முகாமுக்கு முன்னாலேயே பார்வைப் பரப்புப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிகளில் 'ஃபீல்டு டெஸ்ட்' என்று கேட்டால் தெரியும். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகம் வைத்து, மினுக்கும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பாதிப் புள்ளிகள் யாருக்கும் தெரியாத அளவு மங்கலாகத்தான் வரும். இதை அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தோற்றுப்போகிறோம் என்று பயந்து, தெரியாதபோதும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள், சீட்டு கெட்டுப்போகிறது. அந்தச் சீட்டின் அசலையும் இரண்டு நகலையும் கையில் வைத்துக்கொண்டு, பலகையை நோக்கி நடக்கும் முன்பே மருத்துவரிடம் நீட்டுங்கள். வேலூரில் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கு நீங்கள் ஏற்கெனவே போயிருக்கக்கூடும், சி.எம்.சி.யின் கண் பிரிவு அதுதான். பழைய சீட்டு இருந்தால் தேடி எடுங்கள்.

நீங்கள் குடியாத்தம் என்பதால் உங்களுக்கு வேலூர் மாவட்டம்தான். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம். 2019 இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் அங்கே வந்து நின்று, 'உங்களுக்கு ராணிப்பேட்டை, உங்களுக்குத் திருப்பத்தூர்' என்று திருப்பி அனுப்பப்படுபவர்களைப் பார்க்கிறேன். அட்டை வந்ததும் உதவித்தொகைக்கு எழுதிப்போடுங்கள். 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். நகரப் பேருந்தில் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

முற்றத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு வருகிறேன். மந்திரிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகள் பேசுகிறார்களா என்று அப்பாவிடம் சாவகாசமாகக் கேளுங்கள். பேசமாட்டார்கள். சத்தமில்லாமல் நிற்பார்கள், சற்று நேரத்தில் மறைவார்கள், அவர்கள் உண்மையில்லை என்பதும் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோனால் மூளை தானாகவே படம் வரையத் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான சார்லஸ் பொன்னே 1760 இல் தம் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை எழுதிவைத்தார். இன்றைக்கும் மருத்துவர்கள் இதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் மங்கல் வெளிச்சத்திலும்தான் அதிகம் வரும். ஆகவே சாயங்காலம் விளக்கைச் சீக்கிரம் போடுங்கள். பிள்ளைகள் தெரியும்போது கண்ணை இடமும் வலமுமாகச் சில முறை ஓட்டச் சொல்லுங்கள், பலருக்குக் கலைந்துவிடும். அடுத்த முறை கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பைத்தியம் என்று எண்ணிவிடுவார்களோ என்று பயந்து பெரியவர்கள் இதை மறைப்பார்கள். உங்கள் அப்பா உங்களிடம் வாய்திறந்து சொன்னதே பெரிய காரியம். அந்தப் பிள்ளைகளோடு அவர் பேசத் தொடங்கினாலோ, நாள் கிழமை குழம்பினாலோ, அது வேறு விஷயம். உடனே அழைத்துப் போங்கள்.

துணைக்கு ஆள் வேண்டும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. கூட்டத்துக்குப் பணம் கட்டும் முன் டீக்கடை வரை நடக்க வையுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள். உங்கள் உடம்பு ஏறி இறங்குவதை வைத்தே படியையும் பள்ளத்தையும் அவர் கை படித்துக்கொள்ளும். படி வந்தால் ஒரு கணம் நில்லுங்கள். நாற்காலி என்றால் அதன் முதுகில் அவர் கையை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தோளை அமுக்கி உட்கார வைக்காதீர்கள், கோழியைக் கூடையில் கவிழ்ப்பதுபோல. இதை வீட்டில் மற்றவர்களுக்கும் டீக்கடைக்காரருக்கும்கூடச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் அவர் மறுப்பார். பால் வாங்கும் நேரத்தில், ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது தொடங்குங்கள்.

கோல் வந்தால் அவரை நிற்க வைத்து அளந்து பாருங்கள். நெஞ்சுக்குழி வரை எட்ட வேண்டும். இடுப்பளவுக் கோலைக் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். அதைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்க மாவட்டத்துக்கு எத்தனை பேரை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கோல் வீட்டு மூலையில் ஒட்டடை அடிக்கிறது.

உங்கள் வீட்டில் இன்னும் தறி ஓடுகிறதா? ஓடினால் தார் சுற்றும் வேலையை, அதாவது தறிக்கான நூலைச் சிறு குழலில் சுற்றுவதை, அவரிடம் கொடுங்கள். நாற்பது வருடம் நூலைத் தொட்ட விரலுக்கு இழை அறுந்தது கண்ணுக்கு முன்பே தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் பார்வை போன பிறகு தார் சுற்ற உட்கார்ந்தார். இரண்டாம் நாளே மருமகனை 'நூலில் ஈரம் இருக்கிறது, கவனிக்கமாட்டாயா?' என்று திட்டினாராம். வீடே மகிழ்ந்துவிட்டது.

விளையாட்டுக்கும் கடையில் போய்ச் சிறப்புக் கருவி தேட வேண்டாம். பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளிகள் குழிகுழியாக இருக்கும். விரலால் தடவினால் விழுந்தது என்னவென்று தெரியும். கட்டங்களை மட்டும் சணல் கயிற்றால் பலகையில் ஒட்டிக் கொடுங்கள். பல்லாங்குழிக்குக் கண்ணே தேவையில்லை, அம்மாவோடு ஆடட்டும். அப்பாவுக்குச் சாதாரண ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அமைப்புகளில் 'டாக்பேக்' என்பதை இயக்குங்கள். திரையில் தொடுவதையெல்லாம் தமிழில் வாசிக்கும், காசு இல்லை. ரூபாய் நோட்டைச் சொல்ல ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி இருக்கிறது. போனே இல்லாமலும் முடியும்: புதிய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் உயரம் ஒன்றே, நீளம் மட்டும் 142, 146, 150 மில்லிமீட்டர். மூன்றையும் அடுக்கி ஓரத்தைத் தடவிப் பழகச் சொல்லுங்கள். கடையில் தானே காசு கொடுத்து மீதி வாங்கும் நாளில் அவர் நடை மாறியிருக்கும், பாருங்கள்.

இதெல்லாம் நடந்தபிறகு சங்கம் வேண்டுமானால், பார்வை இழந்தவர்களே பொறுப்பில் இருக்கும் சங்கமாகப் பாருங்கள். அவர்களைத் தேட வேண்டிய இடம் கண் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு பெஞ்சும், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக மரநிழலும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஐந்து வருடம் முன்னால் உங்கள் அப்பா இருந்த இடத்தில் இருந்தவராக இருப்பார். இரண்டு பேரையும் பேசவிட்டு நீங்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள். வைகாசி முதல் நாள் உங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் போனது எந்த வருடம்? அடுத்த வைகாசிக்கு உங்கள் முழங்கையைப் பிடித்தபடி தெருமுனை வரையாவது வரட்டும். கூட்டத்துக்குள் வேண்டாம், பம்பைச் சத்தம் கேட்கும் தூரம் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இடது கண்ணுக்கான சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். இருக்கும் பார்வையைக் காப்பது அதுதான், போனதை மீட்கும் மருந்து இன்று இல்லை. மீட்டுத் தருவதாக எண்ணெயோ ஊசியோ விற்பவர்களும் அந்த 6,500 ரூபாய்க்காரரின் சொந்தக்காரர்களே. இந்த நோய் குடும்ப வழியில் வரக்கூடியது. நீங்களும் உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் கண் பிரஷரையும் கண் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. அப்பாவை ஃபீல்டு டெஸ்டுக்கு அழைத்துப் போகும் அன்றைக்கே உங்களுக்கும் சீட்டுப் போட்டுவிடுங்கள்.