நெல்லைச் சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி பதில்

பெருமாள்புரத்தில் என் வீட்டு வாசலில் போர்ஷே 718 கேமன் எஸ் ஒன்று ஐந்தாண்டுகளாக நிற்கிறது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியாகத்தான் அதை வாங்கினேன். இரண்டே இருக்கைகள், இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் 2.5 லிட்டர் டர்போ எஞ்சின், 350 குதிரைத்திறன். இந்தக் காரைப் பற்றியும் இதைப் போன்ற கார்களைப் பற்றியும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓட்டியும் செலவழித்தும் கற்றுக்கொண்டதிலிருந்து பதில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, ஆடும் மாடும் ஷேர் ஆட்டோவும் நிறைந்த நம் ஊரில் 350 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுன்)

தம்பி, பெரும்பாலான நாட்களில் ஒன்றும் செய்வதில்லை. நான்குவழிச் சாலையில் காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், மற்றச் சாலைகளில் 70. என் காரில் இரண்டாம் கியர் முடிவதற்குள்ளாகவே அந்த 100 வந்துவிடும். ஆகவே வேகத்துக்காக இதை வாங்குகிறவர் நம் சாலைகளில் ஏமாந்துபோவார்.

எனக்குக் கிடைக்கும் இன்பம் வேறு. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை போவேன். ஊர்கள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடங்களில், எதிரே முழுமையாகப் பார்வை தெரிகிற ஒரு வளைவுக்கு முன், சக்கரம் நேராக இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி முடித்துவிடுவேன். முன்பக்கம் சற்று அமுங்கி, முன் டயர்களின் மேல் பாரம் ஏறுவது ஸ்டீயரிங்கின் கனத்திலேயே தெரியும். அப்போது திருப்பினால் கார் தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு திரும்புகிறது, ஏனென்றால் அதன் கனமான உறுப்பான எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. வளைவின் பாதியைக் கடந்ததும் ஆக்ஸிலரேட்டரை ஒரு நூலளவு மிதித்தால் பின்சக்கரங்கள் சாலையைப் பற்றித் தள்ளுவதை இடுப்பு உணரும். இவ்வளவும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடப்பதுதான். ஆனால் சாதாரணக் காரில் அறுபதில் இந்தப் பேச்சுவார்த்தை நடக்காது.

ஆடி மாதத்தில் முப்பந்தல் வழியாகப் போகும்போது என் சிறிய கார் ஆட்டம் காண்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வாக இருப்பதால் காற்று அதை ஒன்றும் செய்யாதா? (வள்ளியூர் அன்பர்)

உயரமான வண்டிகளைவிடக் குறைவாகவே ஆடும் என்பது உண்மை. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் தெற்கு முனையில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே பிதுங்கி வருகிற இடம் அது. காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது சும்மா இல்லை. நிலையான காற்றைவிட ஆபத்தானது, ஒரு கன்டெய்னர் லாரியைக் கடக்கும் நேரம். லாரியின் மறைவில் காற்று நின்றுவிட, நாம் ஸ்டீயரிங்கை நேராக்கிவிடுகிறோம். மறைவை விட்டு மூக்கு வெளியே வந்த நொடியில் பக்கவாட்டில் ஓர் அறை விழுகிறது. வேகமான காரில் அந்த நொடி இன்னும் சுருங்கிவிடுகிறது. அங்கே நான் எண்பதைத் தாண்டுவதில்லை.

வேகத்தடைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (ஆலங்குளம் அன்பர்)

இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, முதுகு வளைந்து இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தடையை என் கார் சிரமமின்றி ஏறி இறங்கும். ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகக் கொட்டி வைக்கும் குறுகிய மேடுகள்தாம் அடிவயிற்றைத் தட்டுகின்றன. எதிரே வண்டி வராதபோது, ஒவ்வொரு சக்கரமாக ஏறும்படி குறுக்காகச் சாய்த்து, நடைவேகத்தில் கடக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏறினால் மூக்கு தாழ்ந்து முன் பம்பர் உரசும் என்பதால், மேட்டைத் தொடும் முன்பே காலை எடுத்துவிட வேண்டும். கார் வாங்கும்போது முன்பக்கத்தைத் தூக்கும் வசதி விருப்பத் தேர்வாகக் கிடைத்தால், தோல் இருக்கைக்கும் பளபளப்பான சக்கரத்துக்கும் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள்.

மேட்டைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. அறுவடைக் காலத்தில் மானூர், கயத்தாறு பக்கத்துக் கிளைச் சாலைகளில் உளுந்துச் செடியையும் சோளத்தையும் போகிற வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று பரப்பி வைப்பார்கள். லாரிக்கு அது ஒன்றுமில்லை. தாழ்ந்த காரின் அடியில் அந்தக் காய்ந்த கொடி சுற்றிக்கொண்டு, சூடேறிய புகைக்குழாயில் ஒட்டினால் தீப்பிடிக்கும். ஒருமுறை அவ்வாறு கடந்துவிட்டுப் புகை நாற்றம் வந்து நிறுத்தினேன். குனிந்து பார்த்தபோது ஒரு கைப்பிடி உளுந்தங்கொடி சைலன்சரில் கருகிக்கொண்டிருந்தது. அன்று முதல் அத்தகைய சாலையைக் கண்டால் திரும்பி வேறு வழியில் போய்விடுகிறேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இத்தகைய எஞ்சினைக் கெடுத்துவிடுமா? (தென்காசி அன்பர்)

எத்தனாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன், அதாவது உரிய நேரத்துக்கு முன் தானே பற்றிக்கொள்ளாத தன்மை, அதிகம் என்பதால் ‘நாக்கிங்’ எனும் எஞ்சின் தட்டல் அதனால் வராது. ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேலும் அது ஈரத்தை இழுக்கும். என் காரின் கையேடு 10 சதவீதம் வரை ஏற்கிறது, பெட்ரோல் பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம். ஆதலால் உயர் ஆக்டேன் பெட்ரோலை, அது வேகமாக விற்றுத் தீர்கிற நெடுஞ்சாலைப் பங்கில் மட்டுமே போடுகிறேன். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறேன் என்றால் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துகிறேன். காலியிடம் இருந்தால் அங்கே ஈரக்காற்று குடியேறும்.

ஸ்டெப்னி இல்லாத காரை எந்தத் துணிச்சலில் நாங்குநேரி தாண்டி ஓட்டுகிறீர்கள்? (ராதாபுரம் அன்பர்)

டிக்கியில் ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பும் ஓட்டையை அடைக்கும் திரவமும் உண்டு. அவை ஆணி குத்திய டயருக்கு உதவும், பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு உதவாது. முன் டயர் 235, பின் டயர் 265 மில்லிமீட்டர் அகலம் என்பதால் ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டவும் முடியாது. இந்த அளவு டயர் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. சொல்லிவைத்துச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். பஞ்சர் கடையில் போடும் திரி, வீடு வந்து சேர்வதற்கு மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தை விடியற்காலையில், கார் ஓடாமல் நின்ற நிலையில் பார்க்க வேண்டும். வெப்பம் ஆறு டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும். சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்து ‘அதிகம்’ என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றில் ஓட்டுவீர்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1221 என்றால் 2021ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் டயரின் மேல்வரிப் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டியாகியிருக்கும் என்பதால், வாங்கும்போது ஓடிய தூரத்துக்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் சக்கர போல்ட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி, கழற்ற முடியாமல் ஒன்றை உடைத்தும் தந்தார்கள். அவற்றை 160 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இப்போது முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை நானே காரில் வைத்திருக்கிறேன்.

பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அப்போதும் மாற்ற வேண்டுமா? (மருத்துவர், பாளையங்கோட்டை)

கட்டாயம் மாற்ற வேண்டும், டாக்டர். பிரேக் ஆயில் கெடுவதற்குக் காரணம் ஓட்டம் அன்று, ஈரம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தைக் குடித்த பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருமுறை பழைய ஆயிலோடு ஓட்டினேன். நான்காம் சுற்றில், நேர்ச்சாலை முடிகிற இடத்தில் பெடலை மிதித்தபோது கால் பஞ்சுமூட்டைக்குள் இறங்கியது போல் இறங்கியது. ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிவிட்டது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்துத்தான் கார் நின்றது.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களோ ஒரு சிலர். தேர் யாருடைய கையில் இருக்கிறது என்பதை ரதவீதித் திருப்பத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குதிரைத்திறனைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் பலர். முட்டுக்கட்டையைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்.

2023 வெள்ளத்தில் நின்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? (தூத்துக்குடி அன்பர்)

எடுக்காதீர்கள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் மாவட்டங்களில் கழுத்தளவு நீரில் நின்ற வண்டிகளை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். இத்தகைய காரில் இருக்கை தரைக்கு மிக அருகே இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் கதவுக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்கும் கீழே இருக்கிறது. நீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், சிலிண்டருக்குள் நுழைந்த நீர் அமுங்காமல், பிஸ்டனோடு இணைந்த கம்பியான கனெக்டிங் ராடை வளைத்திருக்கும். சாதாரணக் காப்பீடு அந்தச் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சினுக்கெனத் தனியே பணம் கட்டியிருக்க வேண்டும்.

விற்பவர் ‘தண்ணீரே படவில்லை’ என்றால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். இருக்கையையும் கம்பளத்தையும் மாற்றியவர்கள்கூடப் பெல்ட்டின் உட்சுற்றை மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக்கோடு இருக்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் மின் இணைப்புகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மகனுக்குப் பத்தொன்பது வயது. இத்தகைய கார் கேட்டு அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? (ஒரு தாயார், மேலப்பாளையம்)

வேண்டாம், அம்மா. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி மட்டுமே 20 சதவீதம். அந்த வரிப்பணத்தில் அவனுக்கு ஒரு சிறிய காரும், பந்தயத் தடத்தில் முறையான பயிற்சியும் கிடைத்துவிடும். தடத்தில் இரண்டு நாள் ஓட்டி, தன் கை எவ்வளவு மெதுவானது என்று தெரிந்துகொண்ட பிறகும் ஆசை மிஞ்சியிருந்தால் அடுத்த பேச்சைப் பேசலாம்.

டிக்கியில் அல்வா வைத்தால் எஞ்சின் சூட்டில் உருகுமா? (டவுன் அன்பர்)

பின் டிக்கியில் வைத்தால் நெய் கசியும். முன்பக்கம் 150 லிட்டர் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும்? அதிகாலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு விழித்துக்கொள்ளாதா? (பெருமாள்புரம் அன்பர்)

பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், டயர் நின்ற இடத்தில் தட்டையாகும். பேட்டரியோடு எப்போதும் ஒரு சிறிய சார்ஜரை இணைத்து வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆயில் முழுவதும் சூடேறும்படி அரைமணி நேரமாவது ஓட்டுகிறேன். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிடுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும், ஏனென்றால் ஆயிலில் சேர்ந்த ஈரம் வெளியேறுவதில்லை.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால், புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறும் வரை அது வேகமாகச் சுற்றிக்கொண்டு உறுமும்; அதை நிறுத்த வழியில்லை. எதிர்வீட்டு ஆச்சி ஐந்தரை மணிக்குக் கோலமிட வருவார். அவர் கடைசிப் புள்ளியை இணைத்துவிட்டு நிமிர்ந்து, ‘இனி எடுப்பா’ என்று கையைக் காட்டிய பிறகே நான் சாவியைத் திருப்புகிறேன்.