பிராமணக் கெண்டை அழிந்துவிட்டதா?

கேள்வி: தேக்கடி ஏரிக்கே உரிய பிராமணக் கெண்டை அழிந்துபோய்விட்டது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். வலை போட்டால் சாதாக் கெண்டையும் ஜிலேபியும் தாராளமாகக் கிடைக்கும்போது, கண்ணிலேயே படாத ஒரு மீனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?
(குமுளி வாசகர் ஒருவர்)

பதில்: முதலில் தகவலைத் திருத்திக்கொள்ளுங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அந்த மீன் அற்றுப்போனவற்றின் வரிசையில் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில்தான் இருக்கிறது. ஓர் இனம் அற்றுப்போனது என்று அறிவிக்க வேண்டுமானால், அதன் கடைசி உயிரும் மடிந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் எஞ்சக் கூடாது என்பது அந்த ஒன்றியத்தின் விதி. அது வாழ்ந்த இடங்களிலும் வாழக்கூடிய இடங்களிலும் உரிய பருவங்களில் முறையாகத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். படகுத்துறைப் பக்கம் போட்ட வலையில் விழவில்லை என்பது அத்தகைய தேடல் ஆகாது.

இந்த மீனை ஏரியில் மட்டும் தேடுவதே தவறு. நாம் ஏரி என்று சொல்வது, 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு தேங்கிய நீர். அதற்கு முன் அங்கே ஆறுதான் ஓடியது. பிராமணக் கெண்டையோ மலையின் குளிர்ந்த ஓட்டநீருக்குப் பழகியது. இன்று அது பெரும்பாலும் ஏரிக்கு மேலே, காட்டுக்குள்ளிருந்து இறங்கி வரும் ஓடைகளில் வாழ்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நீர் கொடுத்த அணைதான் அதன் ஆற்றை மூழ்கடித்தது. இதை அணையின் மேல் சுமத்தும் பழியாகச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதனாலேயே அந்த மீனுக்கு எஞ்சியிருக்கும் சில ஓடைகளையாவது காப்பது நமக்குள்ள கடன் என்று எண்ணுகிறேன்.

எத்தகைய மீனை இத்தனை எளிதாகக் கைகழுவுகிறோம் என்பதையும் பாருங்கள். சுந்தர ராஜ் என்ற மீனியல் அறிஞர் 1941இல் இதை விவரித்து, லெபிடோபிகோப்சிஸ் டைபஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். ஆசனத் துளையையொட்டி ஓடு வேய்ந்ததுபோல் பெரிய செதில்கள் அடுக்கியிருப்பது இதன் அடையாளம். இமயமலையின் குளிர்நீர் மீன்கள் சிலவற்றிலும் அத்தகைய செதில்கள் உண்டு என்பதால், தெற்கே தனித்துவிடப்பட்ட அவற்றின் உறவினர் என்றே இதை வெகுகாலம் கருதினார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் அந்த உறவை ஏற்கவில்லை. இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வகுக்கும் தொகுதியில், உள்ள இனம் இது ஒன்றுதான். இது போனால் அந்தப் பேரினமே போய்விடும்.

நீங்கள் ஆறுதலாகக் காட்டும் சாதாக் கெண்டையும் ஜிலேபியும்தான் எனக்குப் பெரிய கவலை. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. ஜிலேபி இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது 1952இல்தான். தேங்கிய நீரில் சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடிக் கொழுக்கும். ஜிலேபியோ முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காத்து, ஆண்டில் பலமுறை பெருகும். இரைக்கும் இடத்துக்கும் இவற்றோடு போட்டியிட வேண்டிய நிலையில் உள்ளூர் மீன்கள் இருக்கின்றன. எனவே உங்கள் வலை நிறைவது ஏரி நலமாக இருப்பதற்குச் சான்றல்ல. (ஏரியில் வலை வீசிப் பிழைக்கும் மன்னான், பளியர் பழங்குடி மக்களைக் குறை சொல்வோரும் உண்டு. அவர்கள் பிடிக்கும் ஒவ்வொரு சாதாக் கெண்டையும் உள்ளூர் மீனுக்குச் செய்யும் உதவி என்பதே என் கருத்து.)

உண்மையிலேயே அற்றுப்போனால் எப்படியிருக்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் லனாவோ ஏரியைப் பாருங்கள். அந்த ஏரிக்கும் அதிலிருந்து வெளியேறும் ஆற்றுக்கும் மட்டுமே உரிய நன்னீர் மீன்கள் 17 இனங்கள். 2020 டிசம்பரில் வந்த சிவப்புப் பட்டியலில் அவற்றுள் 15 அற்றுப்போனவை என்று அறிவிக்கப்பட்டன. மீதி இரண்டும் கடும் ஆபத்தில் உள்ளவை அல்லது அற்றுப்போயிருக்கக்கூடியவை என்று குறிக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்து சேர்ந்த, பிற மீன்களை இரையாக்கும் இனங்களே முதற்காரணம். அளவு மீறிய மீன்பிடிப்பும் நாசகரமான மீன்பிடி முறைகளும் அழிவை விரைவாக்கின. அந்த ஏரி மீனற்றுப் போய்விடவில்லை. அந்த 15 இனங்கள்தாம் இல்லை.

'அழிந்துவிட்டது' என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், ஓடையில் நஞ்சு கலக்குபவனையும் தோட்டா போடுபவனையும் தடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குளத்திலிருந்து அள்ளி ஆற்றில் விடுபவனையும் எவரும் கேட்க மாட்டார்கள். ஆகவே, அந்த மீன் அழிந்துவிட்டது என்று உங்களிடம் இனி யாராவது சொன்னால், எந்த ஓடையில், எந்த மாதத்தில் தேடினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.