டிஷ்வாஷர் கதவு ரப்பர்: நீளம் மிச்சமானா வெட்டலாமா?

கேள்வி: எங்க டிஷ்வாஷருக்கு 8 வயசாச்சு. ஒரு மாசமா கதவுக்கு அடியில தண்ணி கசிஞ்சு வலது பக்க மூலையில தேங்குது. கதவைச் சுத்தி இருக்கற ரப்பர் விறைச்சுப் போய் ஒரு இடத்துல விரிசலும் விட்டிருந்துச்சு, அதனால புதுசு வாங்கி நானே மாத்தினேன். பழசு ரெண்டே நிமிஷத்துல உருவிக்கிட்டு வந்துருச்சு. புதுசை இடது பக்கம் கீழ இருந்து ஆரம்பிச்சு அமுக்கிக்கிட்டே வந்தேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு, கட்டை விரல் வீங்கிப்போச்சு, கடைசியில வலது பக்கம் கீழ வந்து பாத்தா மூணு விரல் அகலத்துக்கு ரப்பர் மிச்சம். வெட்டிடலாம்னு கத்தரிக்கோலை எடுத்தேன், மனசு வரல, வச்சுட்டேன். மிச்சத்தை எப்படியோ உள்ள திணிச்சா அந்த மூலையில புடைச்சுக்கிட்டு நிக்குது, கதவும் பூட்ட மாட்டேங்குது. அளவு தப்பா அனுப்பிட்டாங்களா, இல்ல நான்தான் தப்பு பண்ணிட்டேனா?
(ஒரு வாசகி)

பதில்: கத்தரிக்கோலை எடுத்துட்டு திரும்ப வச்சீங்க பாருங்க சகோதரி, அதுல உங்க ரப்பர் பிழைச்சுது. இதையே உருவி மறுபடி போடலாம், இன்னொண்ணு வாங்க வேண்டியதில்ல.

நடந்தது இதுதான். ஒரு முனையில ஆரம்பிச்சு வரிசையா அமுக்கிக்கிட்டே போகும்போது ஒரு கை அமுக்கும், இன்னொரு கை ரப்பரை நேரா பிடிக்கறேன்னு கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே போகும், நமக்கே தெரியாது. ஒவ்வொரு சாணுக்கும் ரெண்டு நூல் அளவு இழுத்தாலே மூணு பக்கமும் சுத்தி வரதுக்குள்ள மூணு விரல் அகலம் மிச்சமாயிடும். பாக்கறவங்களுக்கு ரப்பர்தான் பெருசுன்னு தோணும். அப்ப வெட்டிட்டா அன்னிக்கு கச்சிதமா உக்காரும், ஆனா சில தடவை சூடா கழுவி முடிச்சதும் இழுபட்ட ரப்பர் தன்னோட பழைய நீளத்துக்குத் திரும்பும், ரெண்டு முனையும் மேல ஏறிக்கும், கீழ் மூலைல இடைவெளி விழும், தண்ணி திரும்பவும் அதே இடத்துல வரும். அப்புறம் மெஷினே போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. இதுல எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா நல்ல மெஷின்கள் இப்படி வெளிய போறத நிறைய பாத்திருக்கேன்.

அதனால முழுசா உருவிடுங்க. முதல்ல மெஷின் பிளக்கைப் பிடுங்கிடுங்க. கைக்கு உறை போட்டுக்கங்க, உள்தொட்டியோட எவர்சில்வர் விளிம்பு சில மாடல்ல பிளேடு மாதிரி இருக்கும். அப்புறம் ரப்பர் உக்கார்ற அந்தப் பள்ளத்தை நல்லா பாருங்க. 8 வருஷ எண்ணெய்ப் பிசுக்கும் உப்புத் தண்ணிப் படிவும் அதுக்குள்ள கெட்டியா உறைஞ்சிருக்கும், கட்டை விரல் வீங்கினதுக்கு பாதி காரணம் அதுதான். பழைய டூத் பிரஷ், சுடுதண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, இது போதும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் உள்ள விட்டுச் சுரண்டாதீங்க, கீறல் விழுந்தா அந்த வழியாவே தண்ணி வரும்.

பழைய ரப்பரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு முனையைப் பாருங்க, நீளத்தை இல்ல, குறுக்குவெட்டை. உள்ள போற தண்டும் அதுல இருக்கற முள்ளு மாதிரி வரிகளும் வெளிய இருக்கற உதடும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா சரியான பார்ட். நீளத்துல புதுசு கொஞ்சம் கூட இருக்கறது சகஜம், பழசு இத்தனை வருஷ சூட்டுல சுருங்கியிருக்கும். குறுக்குவெட்டே வேறன்னா மட்டும் திருப்பிக் கொடுத்துட்டு, கதவோட ஓரத்துல ஒட்டியிருக்கற முழு மாடல் நம்பரைச் சொல்லி வாங்குங்க. பாக்க ஒரே மாதிரி இருக்குன்னு வாங்கினா ஏமாந்துதான் போகணும்.

இப்ப போடற முறைக்கு வரேன், எல்லாமே இதுலதான் இருக்கு. ரப்பரை ஒரு பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வைங்க, டப்பாவுல சுருட்டி வச்ச மடிப்பு நெகிழும், ரப்பரும் இளகும். எடுத்துத் துடைச்சு, சரிபாதியா மடிச்சு நடுவுல ஒரு பேனா புள்ளி வைங்க. தொட்டியோட மேல் விளிம்புக்கும் நடு எதுன்னு அளந்து ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, உதடு பழசுல எந்தப் பக்கம் பாத்துச்சோ அதே பக்கம் பாக்கற மாதிரி, அந்த ஒரு இடத்தை மட்டும் அமுக்குங்க. அடுத்து நேரா கீழ வந்து ரெண்டு முனையையும் அது அது முடியற இடத்துல வச்சு அமுக்குங்க. அப்புறம் மேல் மூலை ரெண்டும். இப்ப ரப்பர் அஞ்சு இடத்துல மட்டும் பிடிச்சிருக்கும், நடுவுல எல்லாம் லேசா வளைஞ்சு தொங்கும், தொங்கணும், அதுதான் வேணும். ஒவ்வொரு தொங்கலுக்கும் நடுவுல ஒரு அமுக்கு, அதுக்கும் நடுவுல ஒரு அமுக்குன்னு பாதி பாதியா பிரிச்சுக்கிட்டே போங்க, மிச்ச நீளம் எல்லா பக்கமும் சமமா பங்கு போயிடும், எந்த மூலையிலயும் புடைக்காது. உள்ள போக அடம் பிடிச்சா விரல்ல சோப்புத் தண்ணி தொட்டுக்கங்க, சமையல் எண்ணெயோ வாஸ்லினோ வேண்டாம், நிறைய கதவு ரப்பர் இபிடிஎம்ங்கற வகை, எண்ணெய் பட்டா ஊதி இளகிடும். விரல் வலிச்சா ஒரு மரக் கரண்டியோட காம்பு நல்லா உதவும்.

கதவு பூட்டலைன்னு பதறாதீங்க. புது ரப்பர் தடிமனா விறைப்பா இருக்கும், 8 வருஷமா நசுங்கின ரப்பருக்குப் பழகின தாழ்ப்பாள் அது. சரியா உக்காந்திருந்தா கொஞ்சம் அழுத்தி மூடினா பூட்டிக்கும், அப்படியே ஒரு ராத்திரி மூடி வச்சுட்டு மறுநாள் பாத்திரம் எதுவும் இல்லாம சூடா ஒரு தடவை ஓட்டுங்க, படிஞ்சிடும். தோளைக் கொடுத்துத் தள்ற அளவுக்கு இருந்தா மட்டும் எங்கயோ ரப்பர் முழுசா உள்ள போகல, விரலால தடவிப் பாத்தாலே தெரியும்.

இன்னொரு விஷயம், இதை முதல்லயே சொல்லியிருக்கணும். கதவைச் சுத்தி மூணு பக்கம்தான் இந்த ரப்பர், கதவோட கீழ் விளிம்புக்குத் தனியா ஒரு பட்டை ரப்பர் உண்டு, நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. வாஷிங் மெஷின் மாதிரி இதுல தண்ணி கதவு வரைக்கும் நிக்காது, ஒரு தடவைக்கு மூணு நாலு லிட்டர்தான் எடுக்கும், அது கதவு விளிம்புக்குக் கீழயே அடியில கிடக்கும். உள்ள சுத்திக்கிட்டே பாத்திரம் மேல தண்ணி பீச்சற குழாய் இருக்கே, அந்தச் சுத்தற கையில இருந்து தெறிக்கற தண்ணியையும் ஆவியையும் தடுக்கறதுதான் மேல் ரப்பரோட வேலை. கீழ வழிஞ்சு வர்றதைத் திருப்பி உள்ள அனுப்பறது அந்தக் கீழ்ப் பட்டை. ஓரத்துல தேங்குதுன்னு சொல்றீங்க, ரெண்டு ரப்பரும் சந்திக்கற மூலை அதுதான், அதனால கீழ்ப் பட்டையையும் தடவிப் பாருங்க, கிழிஞ்சோ சுருண்டோ இருந்தா அதையும் மாத்தணும். சில மாடல்ல பக்கவாட்டுல உருவி எடுத்துடலாம், சிலதுல கதவோட ஸ்க்ரூ எல்லாம் கழட்டணும், அந்த வகைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, கதவு ஸ்ப்ரிங் விரலைப் பதம் பாத்துடும்.

எல்லாம் போட்டு முடிச்சதும் மெஷினுக்கு முன்னாடி தரையில காஞ்ச பேப்பரை விரிச்சு வச்சு ஓட்டுங்க, எந்த இடம் முதல்ல நனையுதுன்னு பாருங்க. ஓரம்னா ரப்பர் முனை. நடுவுலன்னா ரப்பர் மேல பழி போடறதுக்கு முன்னாடி சுத்தற கையைக் கழட்டிப் பாருங்க, அது ஒட்டு விட்டுப் பிளந்திருந்தா தண்ணி நேரா கதவு மேல பீச்சி அடிக்கும், எந்த ரப்பராலயும் தாங்க முடியாது. மெஷின் முன்பக்கமா சாஞ்சிருந்தாலும் இதே கதைதான். நுரை நுரையா வெளிய வந்தா யாரோ கையால தேய்க்கற சோப்பை உள்ள ஊத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

கேள்வி: ரப்பர் மாத்தறதுக்கு பதிலா சிலிக்கான் பசை தடவி விரிசலை அடைச்சா போதாதா? கம்மி வேலைதானே?

பதில்: வேண்டாங்க. ரப்பர் ஒவ்வொரு தடவை கதவு மூடும்போதும் நசுங்கி விரியணும், பசை தடவின இடம் மேடாயிடும், அதுக்கு ரெண்டு பக்கமும் சந்து விழும். இன்னிக்கு ஒரு இடத்துல ஒழுகினது நாளைக்கு ரெண்டு இடத்துல ஒழுகும். அடுத்து ஒரு நாள் மாத்தித்தான் ஆகணும், அன்னிக்கு பள்ளத்துல ஒட்டின பசையைச் சுரண்ட அரை நாள் போயிடும்.

கேள்வி: ரப்பர் மடிப்புல கறுப்பா படியுது, துடைச்சாலும் திரும்ப வருது. இது அழுக்கா பூஞ்சையா?

பதில்: பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்துதான். டிஷ்வாஷர் ரப்பர்ல என்ன வளருதுன்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு, 2011-ல வந்த ஒரு ஆய்வுல பல நாட்டு வீடுகள்ல இருந்த 189 மெஷின்களைப் பரிசோதிச்சாங்க, 62 சதவீதத்துல பூஞ்சை இருந்துச்சு. அதுல நிறைய இருந்தது எக்ஸோஃபியாலாங்கற கறுப்பு ஈஸ்ட், சூடு, உப்பு, சோப்பு எல்லாத்தையும் தாங்கற ஜாதி. ஆரோக்கியமா இருக்கறவங்க பயப்பட வேண்டியதில்ல, ஆனா வீட்டுல நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தா இதை அசட்டையா விடாதீங்க. வாரம் ஒரு தடவை மடிப்பை விரிச்சு சோப்புத் தண்ணித் துணியால துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஈரத்தை எடுத்துடுங்க. பிளீச் வேண்டாம், ரப்பரையும் எவர்சில்வரையும் அரிக்கும். கழுவி முடிச்சு பாத்திரம் எடுத்ததும் கதவை ஒரு கை அகலம் திறந்தே விட்டு வைங்க, உள்ள காயட்டும், சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடுன்னா அவங்க தூங்கினப்புறம் திறந்து வைங்க.